எந்த டாக்டர்?

நாரின் நகரத்துப் பாலிகிளினிக்கில்
சீட்டுக் கொடுக்கும் கண்ணாடி என்னுடையது.
அதில் ஒரு துளை,
அடுப்பு வாய் உயரத்தில்.
குனிந்துதான் பேச வேண்டும்.
குனிந்தால் சத்தமாகத்தான் பேச வேண்டும்.
பின்னால் பதினைந்து பேர், பனி உதிரும் தொப்பிகள்,
அதில் நாலு பேர் ஒரே தெரு.

எந்த டாக்டர்?
பதினொரு வருஷமாக இதையே கேட்கிறேன்.

பல், என்பார்கள். கண், என்பார்கள்.
முழங்கால் என்றால் தட்டிக்கூடக் காட்டுவார்கள்.
பதினேழாம் அறை என்று
யாரும் நேராகச் சொன்னதில்லை.
"தலைக்குள்ளே... ஆனால் வலி இல்லை" என்றாள்
கம்பளி நூற்கும் ஐச்சுரேக்.
நரம்பு டாக்டருக்குச் சீட்டுக் கிழித்தேன்.
அவர் வைட்டமின் எழுதினார்.
அவள் நன்றி சொன்னாள்.
அப்புறம் வரவில்லை.
வரவில்லை என்று எழுத
எங்கள் நோட்டில் கட்டம் கிடையாது.

மினிபஸ் ஓட்டும் சியிமிக்
மூன்று மாதமாக வயிறு, வயிறு.
எக்ஸ்ரே, ஸ்கேன், ரப்பர் குழாயைக்கூட விழுங்கவைத்தார்கள்.
வயிறு சொக்கத்தங்கம்.
ஒருநாள் துளையில் வாயை வைத்துக் கேட்டான்:
"அக்கா, அந்த அறைக்குப் போனால்
பேரை ஏற்றி லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்களாமே?"
எந்த அறை என்றேன்.
தெரிந்தேதான் கேட்டேன். பழக்கம்.
வயிறு, என்றான்.

இலையுதிர்காலத்தில் தலைநகரிலிருந்து போஸ்டர் வந்தது.
மனச்சோர்வும் நோய்தான், சொல்லுங்கள், உதவி உண்டு.
படத்தில் ஒருத்தி சிரிக்கிறாள், ஜன்னல் நிறைய வெயில்.
இங்கே அவ்வளவு வெயிலும் இல்லை, அவ்வளவு பல்லும் இல்லை.
ஆணி இருந்தது கோட்டு மாட்டும் சுவரில்.
அக்டோபரில் கோட்டுகள் வந்தன.
ஏப்ரல் வரை அவள் முகத்தில் ஆட்டுத்தோல்.
மாட்டியது நான்தான்.
கழற்றி வேறு இடத்தில் வைக்கலாம் என்று
தினமும் நினைத்தேன்.
நினைப்பதே பெரிய வேலையாக இருந்த நாட்கள் அவை.

பாருங்கள், சொல்லிவிட்டேன்.

காலையில் ஒரு பூட்ஸை மாட்டிவிட்டு
மற்றக் கால் யாருடையது என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.
மெதெர்பெக் "டீ ஆறுது" என்பார்.
ஆறட்டும்.
நாத்தனார் ஆர்ச்சா இலையைக் கொளுத்தி
வீடு முழுக்கப் புகை காட்டினாள்.
இருமினேன். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

என் நாற்காலியிலிருந்து இருபது எட்டு, பதினேழாம் அறை.
அந்த டாக்டரம்மா
மதியம் என்னோடு ரொட்டி பிட்டுத் தின்பவள்.
அதனால்தான் போகவில்லை.
ரொட்டிக்குப் பக்கத்தில் இதை எப்படி வைப்பது?

செவ்வாய்க்கிழமை லீவு எழுதிக்கொடுத்துவிட்டு
முன்கதவு வழியாக வந்து வரிசையில் நின்றேன்.
ஏன் வரிசை என்றால் பதில் இல்லை.
ஊரையே குனியவைத்தவள்
ஒரு தடவை குனிந்து பார்க்கலாம் என்றிருக்கலாம்.
கண்ணாடிக்குப் பின்னால் புதுப் பெண் பெகைம்.
"அக்கா, நீங்களா, உள்ளே வாங்களேன்."
நான் நகரவில்லை.
அவள் பேனாவை எடுத்தாள்:
எந்த டாக்டர்?

பதினேழு, என்றேன்.
அவளுக்குக் கேட்கவில்லை.
எத்தனை பேரிடம் நான்
"கேட்கலை, சத்தமா" என்றிருப்பேன்.
துளையருகே முகத்தை வைத்தேன்.
கண்ணாடியில் மூச்சு படிந்தது.
பதினேழு. மனநல டாக்டர்.
எனக்குத்தான்.

பின்னால் யாரோ பூட்ஸிலிருந்த பனியைத் தட்டினார்கள்,
தேவைக்கு அதிகமாக.

சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.
மூன்றாவது ஆள் சியிமிக்.
வயிற்றில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டு
எங்கே வைப்பதென்று தெரியாமல்
என் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.