ஒன்பதாம் நாள் டெலிவரி

தைப்பூசத்துக்கு இன்னும் ஏழு நாள்.
வேனில் என் முதுகுக்குப் பின்னால்
பதினோரு முழுப் பன்றிகள்
குப்புறப் படுத்து வருகின்றன,
பொன்னிறத் தோலும்
வாயில் ஆளுக்கொரு ஆரஞ்சுமாக.

கண்ணாடியை இறக்கிவிட்டேன்.
உருகிய கொழுப்பின் வாசம்
அதற்கெல்லாம் அடங்குமா?
மெக்காலிஸ்டர் ரோடு சிக்னலில்
பக்கத்து மோட்டார்காரன்
மூக்கைத் தூக்கிவிட்டுச் சிரித்தான்.
நாற்பத்தோரு நாளாக
ரசமும் அப்பளமும் தின்ற நாக்கு
சொன்ன பேச்சு கேளாமல் ஊறியது.
முருகா, ஊறியது கணக்கில் வராது.

மத்தியானம் சூளையடியில் ஆ ஹெங்
ஆணி பதித்த கட்டையால்
ஓர் அங்குலம் விடாமல்
தோலைக் குத்திக்கொண்டிருந்தான்.
குத்தினால்தான் பொரியுமாம்.
"அடுத்த வாரம் உனக்கும் இதே வேலைதானே?" என்றான்.
ஆமாம்,
பதினாறு வருஷமாக
தண்ணீர்மலை ஏறுகிறவர்களுக்கு
அலகு குத்துகிறவன் நான்.
"நாங்கள் உப்பும் வினிகரும் தடவுவதில்லை,
திருநீறு" என்றேன்.

வெல்ட் கீ முனையில் ஒரு நாய்.
பிரேக்.
பின்னால் அப்பளம் நொறுங்கும் சத்தம்.

கடைசிப் பன்றிக்கு
இடது காது இல்லை.

ச்சியூ ஜெட்டிப் பலகையில்
பெக் சூ காத்திருந்தாள்.
மாமியார் போன பின்
அவள் தனியாக எடுக்கும் முதல் பூசை.
மேசைக் காலில் கரும்பு கட்டியாகிவிட்டது.
வானத்துச் சாமிக்குக்
குறைப்பட்டதை வைக்கலாமா?
மணி பதினொன்றே கால்.
அவள் என்னைத் திட்டவில்லை.
காதைக் கையில் ஏந்திக்கொண்டு
நின்றாள்,
அவ்வளவுதான்.

ஒரு பல்குச்சி கேட்டேன்.
விரதக் கை.
மூச்சை அடக்கி,
தோல் எங்கே இளகும் என்று
கட்டைவிரலால் தேடி,
ஒரே நேராக உள்ளே.
ரத்தம் வராத இடம் பார்த்து
செருகிப் பழகிய விரல்கள்
இங்கேயும் அதே இடத்தைத் தேடின.
காது நின்றது.
மேலே சிவப்பு ரிப்பன் ஒன்று
அவளே கட்டினாள்.
என் சட்டைப்பையில்
அங்பாவ் ஒன்றைத் திணித்துவிட்டு
ஊதுவத்தி கொளுத்த ஓடினாள்.

படியிறங்கிக்
கடல் தண்ணீரில் கை கழுவினேன்.
மூன்று தரம்.
வாசம் போகவில்லை.
இதே கைதான்
அடுத்த வாரம் வேல் பிடிக்கும்.
யாரிடம் கேட்பது?
கேட்காமலே இருந்துவிடலாம்.

பன்னிரண்டு அடித்ததும்
ஜெட்டி முழுக்கப் பட்டாசு.
வேனுக்குத் திரும்பினால்
சீட்டுக்கடியில்
காதோரத் தோல் துணுக்கு ஒன்று,
பொரிந்து, நகத்தளவு.
எடுத்துக் காகிதத்தில் மடித்தேன்.
எட்டு நாள் தாங்குமா
இந்த மொறுமொறுப்பு என்று
யோசித்தபடியே
வண்டியைக் கிளப்பினேன்.