செயப்பாட்டு வினை

புலமைப்பரிசில் கடிதத்தில் இப்படி இருந்தது:
பதினொரு மாதம், மாதாந்தக் கொடுப்பனவு,
மனிதப் பண்பியற் கல்வியைச் சமூக நீதிக்குப் பயன்படுத்தல்.
கொழும்பில் கையொப்பமிட்டேன்.
மல்லாகத்தில் ஒரு கதிரை தந்தார்கள்.
ஒரு கால் கட்டை. அதற்கடியில்
மடித்துவைத்த தேர்தல் துண்டுப்பிரசுரம்.

என் ஆய்வு வேற்றுமை உருபுகள் பற்றியது.
ஐந்து வருடம், நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
காணி நிலையத்தின் பொறுப்பாளர் சொரூபராணி
ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டுவிட்டு
"அப்ப எழுத்துப்பிழை பாப்பீங்கள்" என்றார்.

படிவங்கள் அரிசிப் பையில் வந்தன.
உறுதியைப் பதுங்குகுழியில் விட்டு ஓடியவர்கள்,
உறுதி மழையில் ஊறிப் பசையாய்ப் போனவர்கள்,
ஒருநாளும் உறுதி என்று ஒன்று இல்லாதவர்கள்.
காணிப் பத்திரத்துக்கு எங்கள் ஊரில்
அதுதான் பெயர், உறுதி.

ஏழாம் கட்டம்: காணி இழந்த விதம்.
எல்லாரும் ஒரே சொல்லையே எழுதியிருந்தார்கள்.
கையகப்படுத்தப்பட்டது.
ஒருவர் எழுத மற்றவர்கள் பார்த்தெழுதியது.
படு என்னும் துணைவினை
செய்தவனை வெளியே போகவிட்டுக் கதவைச் சாத்தும்.
மூன்றாம் வேற்றுமைக்கு ஆல் என்றோர் உருபு உண்டு,
இரண்டே எழுத்து.
முந்நூற்றுச் சொச்சம் படிவத்தில்
ஒருவரும் அதைத் தொடவில்லை.

நான் தொட்டேன்.
ஒவ்வொன்றின் ஓரத்திலும் சிவப்பு மையில்: யாரால்?

சொரூபராணி ஏசவில்லை.
"இந்தச் சிவப்பை இனி ஆர் அழிக்கிறது?"
ஐந்து போத்தல் டிப்பெக்ஸ்.
என் கொடுப்பனவில் கழித்தார்கள்.

ஒரு புதன்கிழமை நேசமலர் வந்தார்.
ஏழாம் கட்டம் வெறுமை.
விட்டேனா, யாரால் என்று கேட்டேன்.

"ஆமியால எண்டு எழுதலாம் மிஸ். தொண்ணூறில.
ஆனா அது அவையின்ர காணி,
நாங்கள் இருந்தனாங்கள், அவ்வளவுதான்.
அதுக்கு முதலே வேலியைத் தள்ளிப்போட்டு
கிணத்தடிக்குப் போற பாதையை அடைச்சவை.
வாளியோட ஒழுங்கையில நிண்டு
ஆரும் அள்ளி ஊத்துவினமோ எண்டு பாத்தனாங்கள்.
அது எந்தக் கட்டத்தில வரும்?"

எட்டில் பனை எத்தனை, தென்னை எத்தனை.
ஒன்பதில் மலசலகூடம்.
பத்தில் கிணறு, உண்டா இல்லையா.
கிணற்றில் வாளி விட விட்டார்களா என்பதற்கு
அரசாங்கம் கோடு கீறியிருக்கவில்லை.
நாங்களும்தான். எங்கள் மகஜரில்
நாற்பது வரி ஆமி.

அடிமட்டம் எடுத்தேன்.
பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவே
ஒரு கட்டம் கீறி எழுதத் தொடங்கினேன்:
பாதையை அடைத்தவர்

மணிக்கட்டைப் பிடித்தார்.
"பேர் வேண்டாம்.
என்ர மகள் அவையின்ர கடையிலதான் துணி மடிக்குது.
அடைக்கப்பட்டது எண்டு போடுங்கோ."

வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்,
செயப்பாட்டு வினை குற்றவாளியின் போர்வை என்று.
அதன் மறுமுனையை இழுத்துப் போர்த்தியபடி
என் முன்னால் இருந்தார் இவர்.

அடைக்கப்பட்டது. எழுதினேன்.
ஒற்றுக்கூடப் பிழையில்லாமல்.

கார்த்திகையில் பிரதேச செயலகம்
படிவத்தைத் திருப்பி அனுப்பியது.
"அங்கீகரிக்கப்படாத மாற்றம் செய்யப்பட்டுள்ளது."
சொரூபராணி இரண்டு தரம் வாசித்தார்.
லாச்சியைத் திறந்து
அந்தச் சிவப்புப் பேனாவை என்னிடம் நீட்டினார்.

நேசமலர் சொல்லி அனுப்பிய ஆட்கள்
அதற்குள் வரத் தொடங்கியிருந்தார்கள்,
அதே ஒழுங்கை, வேறு வேறு கிணறு.
கொடுப்பனவு முடிய ஆறு வாரம்.
இறுதி அறிக்கையில் பெறுபேறு என்றொரு பகுதி
இன்னும் வெறுமையாய்க் கிடக்கிறது.
அறுபத்துமூன்று படிவத்தில் கட்டம் கீறியாயிற்று.
கோடுகள் நேரில்லை.
கதிரை ஆடுகிறது.