நாற்பது விநாடி மழை

அக்கரைப்பற்றில் ஒரு நாடகம்.
மழைக்காட்சிக்கு நாற்பது விநாடி வேண்டுமாம்,
சைலபோனில்.
வெள்ளிக்கு முன் அனுப்பவேண்டும்.

வாத்தியம் பள்ளிக்கூடத்துச் சொத்து.
அடியில் வெள்ளைப் பெயின்ற்றில் பதினேழு.
என் ஓட்டோவின் பின்சீற்றில்
பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றியதுபோல்
கல்லடிப் பாலத்தை இருபதில் கடந்தேன்.
ஒவ்வொரு பள்ளத்துக்கும்
வெலின்டா வாத்தியத்தைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தாள்.

டச்பாரில் எங்களுக்கு ஒன்றரை அறை.
ஃபோனை முதலில் கட்டைகளுக்குக் கிட்ட வைத்தோம்.
டொக் மட்டும் வந்தது,
கதவைத் தட்டிவிட்டு யாரோ ஓடிப்போனதுபோல.
சுரம் அதற்குப் பிறகுதான் வாசலுக்கு வரும்போல.
தள்ளி, யன்னலில் வைத்தோம்.
சுரம் வந்தது. கூடவே
பாண்காரனின் பாட்டு, கடல்,
மூன்றாம் வீட்டு நாய், மேலே ஃபேன்.

ஃபேனை நிறுத்தினோம்.
இவ்வளவு நாளும் ஃபிரிட்ஜ்
பேசிக்கொண்டே இருந்திருக்கிறது.

பிளக்கைக் கழற்றினால் திரும்பப் போட மறப்பேன்.
போன மாதம் இரண்டு கிலோ பாரைக்கு
அதுதான் கதி.
வெலின்டா ஓட்டோச் சாவியை எடுத்து
ஐஸ்தட்டில் வைத்தாள்.
"இனி மறக்கமாட்டாய்."

புவிராஜ் கடையில் கடன் வாங்கிய கரோக்கே மைக்கை
எதில் தொங்கவிடுவது?
கட்டிலுக்கு நேர்மேலே நுளம்பு வலைக் கொக்கி.
கட்டிலை நிமிர்த்தி யன்னலை அடைத்தோம், மெத்தையோடு.
கொக்கியிலிருந்து மைக்
ஒரு முழம் இறங்கியது, இன்னும் நாலு விரல்,
போதும், போதும்.
இடக்கைக்கும் வலக்கைக்கும் இப்போது ஒரே நியாயம்.

கோல்முனை பிளாஸ்ரிக். அடித்தால் ஆலங்கட்டி.
என் கிழிந்த சொக்ஸை வெட்டிச் சுற்றி
இறப்பர் பான்ட் போட்டாள்.
தாழ்ந்த ஃபா மட்டும் நடுங்கிற்று;
ஆணி ஆடிய இடத்தில்
அவள் சட்டை ஓரத்து நூல்.

பதினோராவது எடுப்பு.
எல்லாம் சரி என்றிருந்த முப்பத்திரண்டாம் விநாடியில்
தகரத்தில் விழுந்தது
மார்கழி.
மழைக்காட்சி மழையை
மழை வந்து கெடுத்தது.
வெலின்டா கோல்களை மடியில் போட்டுச் சிரித்தாள்.
அந்தச் சிரிப்பும் ஃபோனில் கிடக்கு.

மூன்று மணிக்கு ஓய்ந்தது. ஆனால் கூரைச்சொட்டு
வாளியில் தாளம் போட்டது, அதுவும் பிழைத்தாளம்.
வாளிக்குள் துவாயைப் போட்டேன்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
நாற்பது விநாடி
எவ்வளவு நீளம் என்று எனக்கு நுரையீரலால் தெரியும்.

மறுகா,
இயர்போனின் ஆளுக்கொரு காதில்,
கட்டைகளுக்கு அடியில் சன்னமாய் ஏதோ:
உங், தோஸ், த்ரேஸ், காத்ரு.
அவள் வீட்டுப் பறங்கிப் பேச்சில் எண்ணியிருக்கிறாள்.
தனக்கே தெரியாதாம்.
"அழி," என்றாள்.
அதைக் குறைத்தால் மழையும் மெலிகிறது.
இரண்டும் ஒரே இடத்தில் விழுந்திருந்தன.
அவள் முகம் கழுவப் போன நேரம்
அப்படியே அனுப்பினேன்.

காலை ஆறரை. ஆஸ்பத்திரிச் சவாரி,
ஒழுங்கை முனையில் ஆள் நிற்கிறார்.
சாவியைத் தேடுகிறோம்:
சட்டைப்பை, மெத்தைக்கடி, சைலபோனுக்கடி.
கடைசியில் ஃபிரிட்ஜைத் திறந்தால்
உள்ளே விளக்கு எரியவில்லை.
தண்ணீராகிவிட்ட தட்டில்
சாவி,
குளிரே இல்லை.