நான் கூப்பிடாத பந்து

அவர்கள் முகம் எனக்கு அவ்வளவாக நினைவில்லை.
பதினோரு வருஷம் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவன்,
பார்த்ததெல்லாம் முதுகு.
வியர்வையில் ஒட்டிய பச்சை பனியன்,
அதில் தையல் விட்டுத் தொங்கும் ஐந்தின் வால்:
தனிஸ்லாஸ்.
இடது தோள் ஒரு விரக்கடை உயர்ந்திருக்கும்.
தந்தி ஆபீஸ் சைக்கிளை ஒற்றைக் கையில் உருட்டியே
அப்படி ஆனதென்பார்கள்.

வெளியூர்க்காரர்கள் அவரைப் பர்மாத் தேக்கு என்றார்கள்.
தேக்காவது.
முருங்கைக்காய் மாதிரி இருப்பார்.
மோதவே மாட்டார்.
பந்தோடு வருகிறவனுக்கு முன்னால் பின்னுக்கே நடப்பார்,
கல்யாண வீட்டு வாசலில் சம்பந்தியை அழைக்கிறவர் போல,
வாங்க வாங்க என்று
மூலைக்கொடி வரை கூட்டிப்போய்
அங்கே வைத்து வாங்கிக்கொள்வார் பந்தை.
பறிகொடுத்தவனுக்கு
மரியாதை செய்யப்பட்டது போலிருக்கும்.

அடைக்கலம் வேறு ரகம்.
புதுவயல் அரிசி ஆலையில் மூட்டை இறக்கிவிட்டு
காது மடலில் தவிட்டோடு வருவார்.
அந்தச் சரளைத் தரையில் சறுக்கினால்
தொடைத்தோல் தரைக்குப் போய்விடும்.
சறுக்குவார்.
எழுந்து, எச்சில் தொட்டு வைத்துக்கொண்டு,
கீழே கிடப்பவனிடம் "சாப்டியா" என்பார்.
இபுராம்சாவுக்கு வாய்தான் கால்.
எதிராளியிடம் அவன் ஊர் மழையை விசாரிப்பார்,
அவன் அக்காளுக்குப் பிள்ளை பிறந்ததா என்பார்.
பதில் சொல்ல அவன் வாயெடுக்கும்போது
பந்து இருக்காது.

தேவகோட்டை மைதானத்தில்
ஸ்கோர் எழுத ஒரு கரும்பலகை.
தொடங்குமுன் ஒரு பையன் இரண்டு பூஜ்யம் போடுவான்.
நாம் எத்தனை அடித்தோமென்று மூவரும் கேட்டதில்லை.
எதிர்ப்பக்கத்துப் பூஜ்யம்
நாலு மணிச் சாக்பீசிலேயே ஆறு மணிவரை இருந்தால்
அதுதான் கூலி.
அடித்தவனைத் தோளில் தூக்கிப் போவார்கள்,
மறுநாள் பேப்பரில் பேர் வரும்.
விழாத கோலுக்கு
யார் பேரைப் போடுவது?

இப்போதும் டிவியில் பார்க்கிறேன்.
பின்னால் நிற்க வேண்டியவனும் முன்னால் ஓடுகிறான்.
நன்றாகவே ஓடுகிறான், குறை சொல்லவில்லை.
ஆனாலும் அந்தக் காலிப் பாதி மைதானம்,
அதன் கோடியில் தனியாக ஒரு கீப்பர்:
எல்லோரும் சென்னைக்குப் போய்விட்ட
கானாடுகாத்தான் பெரிய வீட்டில்
வாட்ச்மேன் மட்டும் நிற்கிற மாதிரி.

ஒரு கோலைச் சொல்லாமல் முடிக்க முடியாது.
எழுபத்தெட்டு. அரையிறுதி. புதுக்கோட்டைக்காரர்கள்.
கடைசி நிமிஷம், உயரப் பந்து,
மேற்கு வெயில் என் கண்ணில்.
என் பந்து.
"கீப்பர்" என்று ஒரு சத்தம் போட்டால் போதும்,
விலகிக்கொள்வார்கள்.
நாக்கு எழவில்லை.
சத்தம் வராததால் தனிஸ்லாஸ் எம்பினார்.
அவர் நெற்றியில் பட்டு, என் தோளுக்கு மேலாக,
உள்ளே.
கீப்பர் கூப்பிட்டும் கேட்கவில்லை செவிடன் என்றது கூட்டம்.
மற்றதை எழுத மாட்டேன்.
அவர் ஒரு கையை உயர்த்தினார், தப்பு தன்னுடையதென்று.
நானும் இடுப்பில் கைவைத்து
அவரை முறைத்துக்கொண்டு நின்றேன்,
கூப்பிட்டவன் மாதிரியே.
அடுத்த வருஷம் மாற்றல் வாங்கிப் பரமக்குடி போனார்.

போன மாசம் ஒன்றாம் தேதி,
காரைக்குடி தபாலாபீஸ் வரிசையில்
நாலு பேருக்கு முன்னால் ஒரு முதுகு.
இடது தோள் ஒரு விரக்கடை மேலே.
போய்த் தொட்டிருக்கலாம்.
பேர் சொல்லியிருக்கலாம்.
என் வாயில் வந்தது,
"கீப்பர்!"

வரிசை முழுக்கத் திரும்பியது.
அவர் திரும்பவில்லை.
சட்டென்று தலையைக் குனிந்து
ஒரு எட்டு விலகி நின்றார்,
பந்துக்கு வழிவிட்டு.