வாய் போன கத்தி

போன நடையில்
புனலூர் ஆக்கர்க் கடையில் எண்பது ரூபாய்க்கு எடுத்தது.
முதுகெல்லாம் துரு,
வாய் நடுவில் குருணையளவு பல்.

புளியரையில் வைக்கோல் லாரிகள் நகரவில்லை.
ஸ்டெப்னியைக் கவிழ்த்து
அதன்மேல் ஆயிரம் நம்பர் கல்லை நனைத்து வைத்தேன்.

அடிப்பக்கம் மட்டும் கூடுதலாய்த் தேய்ந்திருந்தது.
யாரோ அழுத்தித் தீட்டியிருக்கிறான்
அவசரக்காரன், இல்லை கோபக்காரன்.
அவன் கோணலை எடுக்க
எனக்கு இரண்டு மழை ஆயிற்று.

பல் போகவேண்டுமென்றால்
நல்ல வாயும் அந்த ஆழத்துக்குக் குறையவேண்டும்.
தேய்த்தேன்.
சாம்பல் சேறு வைக்கோல் தூசியோடு
விரலில் அப்பியது.

பிறகு மூவாயிரம். எட்டாயிரத்தில் கைக்குப் பாரமே கூடாது.
கடைசியில் இடுப்பு பெல்ட்:
திருப்பும்போது முதுகுமேல் புரளணும்,
வாய்மேல் புரண்டால் தோலும் போச்சு.

முன்கை மயிர் சத்தமில்லாமல் விழுந்தது.
"என்னண்ணே, சொறியா?" என்றான் கிளீனர் ஆவுடை.

பக்கக் கண்ணாடியில் இடக்கன்னம் முடிந்த நேரம்
முன்லாரி கிளம்பிவிட்டது.
பின்னால் ஹாரன், ஹாரன்.

ஆரியங்காவில் லைசென்ஸைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
"இதிலெ ஏது பாதியாடோ?"

சோப்பு காய்ந்த பக்கம் அசையவில்லை.
மழித்த பக்கத்தால் சிரித்தேன்.