கடைமடைக்கு எத்தனை மதிப்பெண்

பல்கலைக்கழகப் பேருந்தைக்
கெஞ்சித்தான் வாங்கினோம்.
நிலவியல் நான்,
கல்வெட்டு ஜெசிந்தா,
பொருளியல் ஷேக் தாவூது.
மூன்று துறைக்கும் ஒரே வகுப்பு.
டீசலுக்கு மட்டும்
மூன்று தலைவர்களின் கையெழுத்து.

நாகமலை அடிவாரத்தில் இருபது வருஷம்
நான் நீரோட்டம் நடத்திய புத்தகத்தில்
எல்லா ஆறும் ஆண்டு முழுக்க ஓடும்.
வசந்தத்தில் பனி உருகி
வெள்ளம் வரும் என்று
கரும்பலகையில் எழுதிவிட்டு,
சுண்ணாம்பு போகாத அதே கையோடு
சாயங்காலம் வைகைப் பாலத்தைக் கடப்பேன்.
கீழே ஆற்றுக்குள் கிரிக்கெட்,
ஸ்டம்புக்கு ஒரு பழைய டயர்.
எதுவும் முரணாகப் பட்டதில்லை.
படித்த படிப்பு அப்படி.

மாவிலிப்பட்டிக் கண்மாயில்
முழங்கால் தண்ணீர், மீதி ஆகாயத்தாமரை.
மடைத் தூணில் ஜெசிந்தா
கோலமாவை அள்ளித் தேய்த்தாள்.
எழுத்துகள் பல் தெரியச் சிரித்தன:
எந்த வயலுக்கு எத்தனை நாழிகை,
முறை தப்பித் திறந்தவனுக்கு
என்ன தண்டம்.
தாவூது விரித்த நகலில்
கலெக்டர் காலத்துக் கணக்கு:
கண்மாய்க்கு ஒரு வரி,
மிச்சத்துக்கெல்லாம் 'தரிசு'.
நான் மட்டப்பலகை நிறுத்தி
சரிவைக் கணக்கிட்டு,
தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்:
"பாருங்க, அவங்க வர்றதுக்கு முன்னாடியே
இங்கே எல்லாம் இருந்துச்சு."

கைதட்ட நினைத்த ஒருவனை
முந்திக்கொண்டு
நாகஜோதி கேட்டாள்:
"எங்க தெரு எதுல இருக்கு சார்?"

கல்லில் இல்லை.
கணக்கில், தரிசு என்ற சொல்லுக்கு அடியில்
எங்கேயோ இருக்கலாம்.
என் வரைபடத்தில்
தாளின் ஓரம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

"வெள்ளைக்காரன் மறைச்சான்னு எழுதிக்கிறேன்.
அதுக்கு முன்னாடி மறைச்சது யாருன்னு
எந்த டிபார்ட்மென்ட்ல கேக்கணும்?"

கொக்கு ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது.
நாங்கள் மூவரும்
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்,
அடுத்த துறையின் கேள்வி இது என்பது போல.

அதற்குள் அவள் நடக்கத் தொடங்கியிருந்தாள்.
வாய்க்கால் கரையோடு
சீமைக்கருவேலம் முள் விலக்கி
வகுப்பே பின்னால் போனது.
அளவுகோலை யாரோ பிடிக்க,
ஐம்பது எட்டுக்கு ஒருதரம் நான் குனிந்து பார்க்க,
சரிந்து சரிந்து வந்த மண்
அவள் தெருவுக்குப் பிரியும் இடத்தில்
ஒரு சாண் ஏறியது.

தோண்டிப் பார்த்தோம்.
மேலே செம்மண், அடியில் கரிசல்.
மண் தானாக இப்படி ஏறாது என்றேன்.
கல்லில் சொன்ன வயல்கள்
இதோடு முடிகின்றன என்றாள் ஜெசிந்தா.
வரியும் இங்கேதான் நிற்கிறது என்றார் தாவூது.
தூணில் படித்தபோதும் தாளில் படித்தபோதும்
தெரியாத ஒன்று
எங்கள் மூவரின் செருப்புக்கடியில் கிடந்தது.
தண்ணீருக்குச் சாதி தெரியாது என்று
வருஷா வருஷம் நான் விடும் வேடிக்கையை
அன்று விடவில்லை.

பாடத்திட்டக் குழுவில் கேட்டார்கள்:
இந்தத் தாளுக்கு எந்தத் துறையின் குறியீடு?
கேள்வி யார் எடுப்பார்?
யார் திருத்துவார்?
டீ வந்தது. போண்டா வந்தது.
அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.
இந்த வருஷம் மட்டும்
பொருளியல் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள்.

தேர்வில் நாகஜோதி வரைந்த படத்தில்
அவள் தெரு மேலே, பக்கத்துக்குப் பாதி.
அதிலிருந்து ஒரு கோடு இறங்கி,
கட்டைவிரல் அகல மேடு தாண்டி,
கீழே தாளின் விளிம்பில்
கண்மாய், ஒரு பொட்டு.
வெளியூர்த் திருத்துநர் சிவப்பில் சுழித்திருந்தார்:
திசை தவறு. இரண்டு மதிப்பெண்.

மறுமதிப்பீட்டுக் கட்டணத்தை
மூவரும் பங்கு போட்டுக் கட்டினோம்.
கவுண்டரில் இருந்தவர்
ரசீதில் துறை என்ற இடத்துக்கு வந்ததும்
பேனாவைத் தூக்கி எங்களைப் பார்த்தார்.
யாரும் சொல்லவில்லை. காலியாக விட்டுக் கிழித்துக் கொடுத்தார்.

ஐப்பசி பிறக்கட்டும்.
முதல் மழை பெய்த மறுநாள் காலை
அந்த ஒரு சாணைப்
போய்ப் பார்க்க வேண்டும்,
மண்வெட்டியோடு.