கட்டமும் வட்டமும்

கொழும்பிலிருந்து மாதமொருக்கால் வரும் டொக்டர்
ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் போட்டு
எங்கள் வம்சத்தை ஒற்றைத் தாளில் வரைகிறார்.
மறதி வந்தவர்களைக் கறுப்பால் நிரப்புகிறார்.

அப்பா. ஐம்பத்திரண்டு வயதில்.
மூதூர் லோஞ்சில் டிக்கெட் கிழித்தவர்
இறங்குகிறவர்களுக்கும் டிக்கெட் நீட்டத் தொடங்கினார்.
அவருடைய தாய் கிணற்றில் தவறி விழுந்தா என்பார்கள்.
நடுச்சாமத்தில் கிணற்றடிக்கு ஏன் போனா
என்று யாரும் சொன்னதில்லை.

சித்தப்பா குணரெத்தினம்?

தொண்ணூறில் கொண்டுபோனார்கள்,
இருபத்துநாலு வயது என்றேன்.
பேனா கட்டத்தின் மேல் கொஞ்சநேரம் நின்றது.
மறக்கிற வயதுவரை அவரை விட்டுவைக்கவில்லை.
அந்தக் கட்டம் வெள்ளையாகவே கிடக்கிறது.

கடைசி வரிசையில் நாங்கள், இரண்டு வட்டம்.
பாதிக்குப் பாதி என்றார்.
இருவரில் ஒருத்திக்கு என்றில்லை,
ஒவ்வொருத்திக்கும் தனித்தனியே பாதி.

நிரஞ்சலா கையை நீட்டினாள்.
நான் சட்டைக்கையை இறக்கிவிட்டேன்.

ஏழு கிழமையில் முடிவு வந்தது.
அவள் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை.
அப்பாவுக்குச் சவரம் எடுத்துவிட்டு
டச்பே கரையில் நடந்தோம்.
மான்கள் சோற்றுப் பார்சல் தாளை மென்றுகொண்டு நின்றன.

வாசலில் திறப்பைத் தேடினாள்.
பை, பேர்ஸ், திரும்பவும் பை.
வழமையாக நான் சிரிப்பேன்.

திறப்பு கதவிலேயே தொங்கியது.
உள்ளே அப்பா,
இறங்கிப்போன யாரையோ
மிச்சக்காசுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.